சில தளங்கள் மட்டும் திறக்கவில்லையா? ஃபோர்மட் அடிக்க முதல் இதைப் பாருங்கள்

போன மாரிக்குச் சற்று முன், விசுவமடுப் பக்கமிருந்து ஒரு அக்கா லப்டொப்பைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்தார். மகன் ஏ.எல். முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். யூடியூப் ஓடுகிறது, பேஸ்புக் ஓடுகிறது, விண்ணப்பம் போடுகிற தளம் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. டவுனில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். "வைரஸ், ஃபோர்மட் அடிக்க வேணும்" என்றார்களாம். உள்ளே காலமான கணவரின் படங்கள் இருந்ததால் மனம் வராமல் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

லப்டொப்பில் ஒரு பிழையும் இல்லை. பெடியன் தன் போனிலிருந்து ஹொட்ஸ்பொட் போட்டுத்தான் பாவிக்கிறான். போனில் மிஞ்சிக் கிடந்தது சமூக ஊடகங்களுக்கு மட்டுமான டேட்டா. எல்லாத் தளங்களுக்கும் செல்லுகிற டேட்டா முடிந்து இரண்டு நாள். சின்னதாக ஒரு றீலோட் போட்டதும் தளம் திறந்தது.

இணையம் முழுக்கப் போய்விட்டால் கம்பியா, சிக்னலா, கரண்டா என்று தேடலாம். சில தளம் திறந்து சில தளம் திறக்காமல் இருப்பது வேறு விதமான பிழை. கோளாறு ஐந்து இடங்களில் ஒன்றில் இருக்கும்: பிரவுசர், கணினி, ரவுட்டர், இணைப்பு (பக்கேஜும் இதற்குள்தான்), இல்லாவிட்டால் அந்தத் தளமே. எந்த இடம் என்று தெரியாமல் எதையும் மாற்றத் தொடங்காதீர்கள். பத்து இடத்தில் கை வைத்தபின் எது பிழை, எது நாம் செய்த பிழை என்று பிரிக்க முடியாது.

திரையில் வந்த செய்தியை வாசியுங்கள்

"ஏதோ இங்கிலீசில வந்தது, மூடிவிட்டேன்" என்பார்கள். அந்த இங்கிலீசில்தான் விடை இருக்கிறது. போனில் அதை ஒரு படம் எடுத்து வையுங்கள். குரோம் பிரவுசரில் கீழே சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி வரும், அதுதான் முக்கியம்.

அந்த வரியில் 'நேம் நொட் ரிசோல்வ்ட்' என்று இருந்தால், தளத்தின் பெயரை முகவரியாக மாற்ற முடியவில்லை. அந்த வேலையைச் செய்வது டிஎன்எஸ், கீழே அதைப் பற்றிய பகுதிக்குப் போங்கள். 'டைம்ட் அவுட்' என்றால் முகவரி கிடைத்தது, கதவைத் தட்டியது, யாரும் பதில் சொல்லவில்லை. பக்கேஜ், தடை, தளத்தின் கோளாறு என்று பல காரணம் இருக்கலாம். 'சேர்ட்' என்ற சொல்லோ, 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்ற எச்சரிக்கையோ வந்தால் முதலில் கணினியின் திகதியைப் பாருங்கள். 'புரொக்சி' என்ற சொல் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம், ஒரு நிமிட வேலை.

இலக்கமாக வந்தால் இன்னும் எளிது. 404 என்றால் தளம் இருக்கிறது, நீங்கள் கேட்ட பக்கம் இல்லை. 403 என்றால் தளம் உங்களை உள்ளே விட மறுக்கிறது. 502, 503, 504 மூன்றும் தளத்துக்காரரின் தலையிடி. பரீட்சை முடிவு வருகிற நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறும்போது இந்த இலக்கங்களைக் காணலாம். அன்றைக்கு ரவுட்டரைக் கழற்றிப் பூட்டுவதில் பயனில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு இரவு பத்து மணிக்குப் பிறகு பாருங்கள்.

மூன்று சோதனை

ஒன்று: அதே வைஃபையில் வேறொரு கருவி. வீட்டில் உள்ள போனில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். போனின் மொபைல் டேட்டாவை ஓஃப் பண்ணிவிட்டுத்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் போன் தன் டேட்டாவில் ஓடி உங்களை ஏமாற்றும்.

இரண்டு: அதே கணினி, வேறொரு இணைப்பு. ரவுட்டரில் இருக்கிற சிம் எந்த நிறுவனத்தினுடையதோ, அதல்லாத வேறு நிறுவனத்தின் சிம் உள்ள போனில் ஹொட்ஸ்பொட் போட்டுக் கணினியை இணையுங்கள். அந்தப் போனில் சாதாரண டேட்டா இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் ஹொட்ஸ்பொட்டைக் கண்டதும் அப்டேட் இறக்கத் தொடங்கிவிடும். இணைந்தவுடனே அந்த வைஃபையின் அமைப்புக்குள் போய் 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்பதை ஓன் பண்ணிவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டு மாமியின் டேட்டா போய், மாமியும் போய்விடுவார்.

மூன்று: வேறு ஊர். வன்னியில் வெளிநாட்டில் ஒரு உறவு இல்லாத வீடு குறைவு. ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருக்கிற மச்சானுக்கு வட்ஸ்அப்பில் தள முகவரியை அனுப்பி, "உங்க திறக்குதோ?" என்று கேளுங்கள். காசு கொடுத்தும் கிடைக்காத சோதனைக்கூடம் அது. அங்கேயும் திறக்கவில்லை என்றால் தளம் விழுந்து கிடக்கிறது, காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. அங்கே திறந்து, இங்கே எந்த நிறுவனத்தின் சிம்மிலும் திறக்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று: இலங்கையில் தடுத்திருக்கிறார்கள், அல்லது தளமே தன் நாட்டுக்கு வெளியே காட்டுவதில்லை. பிபிசியின் ஐபிளேயர் இங்கே ஓடாதது இந்த இரண்டாவது வகை.

முதற்சோதனையில் எல்லாக் கருவியும் தோற்று, இரண்டாவதில் கணினி வென்றால் பிழை ரவுட்டரில் அல்லது இணைப்பில். போனில் திறந்து, கணினியில் மட்டும் எந்த இணைப்பிலும் திறக்கவில்லை என்றால் பிழை கணினிக்குள்.

பிழை இணைப்பில் என்றால்

முதலில் பக்கேஜ். நிறுவனத்தின் செயலியைத் திறந்து மிச்ச டேட்டாவைப் பாருங்கள். மொத்தத்தை அல்ல, பிரிவுகளை. இரவு டேட்டா தனி, சமூக ஊடக டேட்டா தனி, ஒன்லைன் வகுப்புக்கானது தனி. பிரிவு பிரிவாக விற்கிற நாட்டில் 'நாற்பது ஜிபி கிடக்குது' என்ற கதைக்கு அர்த்தமில்லை. எந்தப் பிரிவில் கிடக்கிறது என்பதுதான் கேள்வி. இந்த ஒரு காரணத்தை மட்டும் எத்தனை வீட்டில் கண்டுவிட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பக்கேஜ் சரி என்றால் அடுத்தது டிஎன்எஸ். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் இலக்கம் இல்லை. ஊருக்குப் புதிதாக வருகிறவர் சந்திக் கடையில் நின்று, "இன்னாரின் வீடு எது?" என்று கேட்டுத்தான் போவார். டிஎன்எஸ் அந்தச் சந்திக் கடை. தளத்தின் பெயரைச் சொன்னால் அது இலக்க முகவரியைச் சொல்லும். கடைக்காரர் பிழையாகச் சொன்னால், அல்லது அண்மையில் வீடு மாறியவரின் பழைய இடத்தையே சொன்னால், மற்ற எல்லா வீட்டுக்கும் போக முடிந்தும் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போக முடியாது.

தீர்வு, வேறு கடையில் கேட்பது. கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேயரின் 1.1.1.1, குவாட்9 அமைப்பின் 9.9.9.9 மூன்றும் யாரும் இலவசமாகப் பாவிக்கக்கூடியவை. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வேர்க், வைஃபை, ஹார்ட்வெயார் புரொப்பர்டீஸ் என்று உள்ளே போனால் டிஎன்எஸ் செர்வர் என்ற வரியும் பக்கத்தில் எடிட் பொத்தானும் இருக்கும். தானாக என்பதை மனுவல் ஆக்கி, ஐபிவி4ஐ ஓன் பண்ணி, முதற் கட்டத்தில் 1.1.1.1, இரண்டாவதில் 8.8.8.8 போட்டுச் சேமியுங்கள். முன்பே ஏதாவது இலக்கம் இருந்தால் கொப்பியில் எழுதி வைத்துவிட்டு மாற்றுங்கள். பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் அல்ல, ரீஸ்டார்ட். விண்டோஸ் 8உம் அதற்குப் பிந்தியவையும் ஷட்டவுன் செய்யும்போது தன் நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து அடுத்த முறை அதிலிருந்தே எழும்பும். ரீஸ்டார்ட்தான் முழுக்கக் கழுவும், பழைய முகவரி நினைவும் அதோடு போகும்.

கணினியில் மாற்றியதும் சரியாகி, வீட்டுப் போன்களில் சரியாகவில்லை என்றால், ரவுட்டருக்குள்ளேயே டிஎன்எஸ் பிழை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற தாளில் 192.168.1.1 அல்லது 192.168.8.1 போல ஒரு இலக்கம் இருக்கும். அதைப் பிரவுசரில் அடித்தால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். அங்கே டிஎன்எஸ் என்ற இடத்தில் நீங்கள் போடாத இலக்கங்கள் இருந்தால் சந்தேகப்படுங்கள். இது கற்பனைப் பயமில்லை. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 இலட்சம் கணினிகளின் டிஎன்எஸ் இலக்கங்களை மாற்றி வைத்திருந்தது. அமெரிக்காவின் எஃப்பிஐ 2011 நவம்பரில் அந்தக் கும்பலைப் பிடித்தபின், பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தற்காலிகச் செர்வர்களை ஓடவிட்டு 2012 ஜூலை 9இல் நிறுத்தியது. ரவுட்டரின் கடவுச்சொல் இன்னும் அட்மின், அட்மின் என்றே இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

ரவுட்டரின் பின்னால் உள்ள சின்ன ஓட்டைக்குள் ஊசி குத்தி ரீசெட் பண்ணுவது எங்கள் ஊர் வைத்தியம். சிம் போடும் ரவுட்டர் என்றால் பெரும்பாலும் தப்பிவிடும். கம்பி வழி இணைப்பு என்றால் நிறுவனம் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்து, இருந்த இணையமும் போய்விடலாம். அவை கையில் இல்லாமல் ஊசியை எடுக்காதீர்கள்.

இன்னொரு வித்தியாசமான நோய் இருக்கிறது. தளம் திறக்கத் தொடங்கும், தலைப்பு வரும், அப்புறம் அப்படியே நிற்கும். சின்னப் பக்கங்கள் வரும், படமும் படிவமும் நிறைந்த பக்கங்கள் வராது. இரணைமடு வாய்க்காலில் மதகு ஒடுங்கிய இடத்தில் பெரிய கட்டை வந்து இறுகிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். இணையத்தில் தரவு பொதி பொதியாகப் போகும், வழக்கமான உச்ச அளவு 1500 பைட். சில கம்பி இணைப்புகளில் வழி 1492க்குத்தான் இடம் தரும். 'இது பெரிது, சிறிதாக்கு' என்ற செய்தி இடையில் எங்காவது தொலைந்தால் பெரிய பொதிகள் காணாமல் போய்க்கொண்டே இருக்கும். ரவுட்டரின் பக்கத்தில் எம்டியூ (பொதியின் உச்ச அளவு) என்ற இடத்தைத் தேடி 1400 ஆக்கிப் பாருங்கள். சரியாகிவிட்டால் அதுவே விடை. சரியாகாவிட்டால் பழைய இலக்கத்தைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

சிம் இணைப்பில் 403 வந்தாலோ, 'நீ மனிதன்தானா' என்று படம் காட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாலோ, மொபைல் நிறுவனங்கள் பலருக்கும் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுப்பது காரணமாக இருக்கலாம். யாரோ செய்த சேட்டைக்கு அந்த முகவரியையே தளம் ஒதுக்கி வைத்திருக்கும். ரவுட்டரை ஐந்து நிமிடம் ஓஃப் பண்ணி ஓன் பண்ணினால் வேறு முகவரி கிடைக்கக்கூடும்.

தடையைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2007 ஜூனில் தமிழ்நெற் தளம் இலங்கையில் தடுக்கப்பட்டது. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் நின்றன. நாட்டில் ஏதாவது நடந்துகொண்டிருக்கிற நாளில், எல்லா நிறுவனத்தின் சிம்மிலும் ஒரே தளங்கள் ஒன்றாக நின்றால் லப்டொப்பைத் திட்டாதீர்கள்.

பிழை கணினிக்குள் என்றால்

திகதி. வலது மூலையில் இருக்கிற கடிகாரத்தைப் பாருங்கள், ஆண்டையும் சேர்த்து. ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் 'இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்' என்று ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. கணினி இரண்டு மாதம் பின்தங்கியிருந்தால், போன மாதம் சான்றிதழ் புதுப்பித்த தளம் 'இன்னும் பிறக்காதது' போலத் தெரியும். சான்றிதழ் பழையதாக இருக்கும் தளம் சிக்கலில்லாமல் திறக்கும். அதனால்தான் சிலது திறந்து சிலது திறக்கவில்லை. ஆண்டே பிழை என்றால் கிட்டத்தட்ட எல்லாம் நின்றுவிடும்.

மேசைக் கணினி கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் பழைய திகதிக்குப் போகிறதென்றால் மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பற்றரி செத்துவிட்டது. சிஆர்2032, மூன்று வோல்ட். மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். நேர வலயம் ஐந்தரை என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள், மிகப் பழைய விண்டோஸில் எங்கள் வலயம் ஆறு மணி என்று கிடக்கும். வன்னிக்கு இந்த அரை மணிக் குழப்பம் பழக்கமானதுதான். 1996இல் நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே நின்றது. 2006 ஏப்ரலில் கொழும்பு மீண்டும் ஐந்தரைக்கு வரும்வரை ஒரே தீவில் இரண்டு நேரம் ஓடியது.

அடுத்து, பிரவுசர். இன்கொக்னிட்டோ சாளரத்தில் அதே தளத்தைத் திறவுங்கள். அங்கே திறந்தால் பழைய குக்கியோ (தளம் பிரவுசரில் விட்டுச் செல்லும் சின்னக் குறிப்பு), விளம்பரத்தைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷனோ காரணம். எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள், அந்தத் தளத்தின் குக்கியை மட்டும் அழியுங்கள். முழு வரலாற்றையும் அழித்தால் சேமித்த உள்நுழைவுகள் எல்லாம் போய் வீட்டில் சண்டை வரும். ஒரு பிரவுசரில் திறந்து மற்றதில் திறக்கவில்லை என்றால், திறக்காத பிரவுசரின் பாதுகாப்பு அமைப்பில் 'செக்கியூர் டிஎன்எஸ்' என்பதையும் பாருங்கள். அது கணினியின் டிஎன்எஸ்ஸை விட்டுத் தன் பாட்டில் வேறிடத்தில் கேட்டுக்கொண்டிருக்கும்.

புரொக்சி. உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகர் இது. சமூக ஊடகத் தடைகளின்போது பலர் தடையைச் சுற்றிப் போக இலவச விபிஎன்களை அள்ளிப் போட்டார்கள். தடை போனபின் விபிஎன்னை அழித்தாலும் அது வைத்த புரொக்சி அமைப்பு சிலவேளை அப்படியே நிற்கும். செட்டிங்ஸ், நெட்வேர்க், புரொக்சி. அங்கே கையால் போட்டதாக ஏதாவது ஓனில் இருந்தால் ஓஃப் பண்ணுங்கள். பெயர் தெரியாத விபிஎன் இன்னும் இருந்தால் அதையும் கழற்றுங்கள். இலவசமாகத் தருகிறவர் எதை விற்றுச் சாப்பிடுகிறார் என்று யோசியுங்கள்.

ஹோஸ்ட்ஸ் கோப்பு. சந்திக் கடையில் கேட்க முதல், கணினி தன் சட்டைப்பையில் உள்ள துண்டைப் பார்க்கும். அந்தத் துண்டுதான் இது. நோட்பேடை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்து, அதற்குள்ளிருந்து ஓப்பன் பண்ணுங்கள்: சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் 'இ, டி, சி' என்ற மூன்று எழுத்துக் கோப்புறை. எல்லா வகைக் கோப்புகளையும் காட்டச் சொன்னால்தான் ஹோஸ்ட்ஸ் கண்ணில் படும். # குறியில் தொடங்கும் வரிகள் வெறும் குறிப்புகள், விட்டுவிடுங்கள். 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்று தொடங்கி, பக்கத்தில் உங்களுக்குத் திறக்காத தளத்தின் பெயர் இருந்தால் கள்ளன் அகப்பட்டான். முதலில் கோப்பை ஒரு பிரதி எடுத்துவிட்டு, அந்த வரியை அழித்துச் சேமியுங்கள்.

அந்த வரி எப்படி வந்தது? ஒன்று, தீநிரல். மற்றது, 'கிராக்' பண்ணிய மென்பொருள். படம் திருத்துகிற மென்பொருளை இலவசமாகப் போட்டுத் தருகிறவர்கள், அது தன் கம்பனியைத் தொடர்புகொள்ளாமல் இருக்க இந்த வரிகளை எழுதி வைப்பார்கள். பிறகு அந்தக் கம்பனியின் தளத்துக்கு நீங்களே போக முடியாது.

எல்லாத் தளமும் திறந்து, வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் தளங்களும் மைக்ரோசொஃப்ட் அப்டேட்டும் மட்டும் திறக்கவில்லை என்றால் மற்றதெல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வைரஸைத் தேடுங்கள். 2008 நவம்பரில் வந்த கொன்ஃபிக்கர் செய்தது இதைத்தான். பென்டிரைவ் வழியாகவும் பரவி, மருந்து இருக்கிற கடைகளுக்குப் போகும் வழியை மட்டும் அடைத்தது. வேறொரு நல்ல கணினியில் மைக்ரோசொஃப்ட் சேஃப்டி ஸ்கானரை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்து ஓடவிடுங்கள், அல்லது விண்டோஸின் டிஃபென்டரில் உள்ள ஓஃப்லைன் ஸ்கானைப் போடுங்கள். பென்டிரைவைத் திருப்பிக் கொடுக்க முதல் அதையும் ஸ்கான் பண்ணுங்கள். காலாவதியான இலவச அன்ரிவைரஸ் கிடந்தால் கழற்றி எறியுங்கள், அதுவே சில தளங்களை மறித்துக்கொண்டிருப்பதும் உண்டு.

கடைசியாக வயது. வெளிநாட்டில் இருந்து சித்தப்பா கொண்டுவந்த விண்டோஸ் 7 லப்டொப் இன்னும் பல வீட்டில் ஓடுகிறது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. குரோம் 109தான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு. 2021 செப்டெம்பர் 30இல், ஏராளமான தளங்களின் சான்றிதழ்களுக்கு அடிப்படையாக இருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, அப்டேட் காணாத கணினிகளில் தளங்கள் ஒன்றிரண்டாக மூடத் தொடங்கின. உடனடி வழி: ஃபயர்பொக்ஸ் 115 ஈஎஸ்ஆர் பதிப்பு. அது விண்டோஸின் சான்றிதழ் பட்டியலை நம்பாமல் தன்னுடையதைத் தானே கொண்டுவரும். நிரந்தர வழி: படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் எடுத்துவிட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் போடுவது. இதில் மட்டும் கடைக்காரர் சொன்ன ஃபோர்மட் சரி.

இவ்வளவும் செய்தும் சரியாகவில்லையா

விண்டோஸில் நெட்வேர்க் ரீசெட் என்று ஒன்று இருக்கிறது. நெட்வேர்க் அமைப்புகளைப் புதிதாக்கும், உங்கள் கோப்புகளைத் தொடாது. வைஃபை கடவுச்சொற்களை மறந்துவிடும், அதை மட்டும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

அதற்குப் பிறகு நிறுவனத்துக்கு அழையுங்கள். அழைக்க முதல் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தத் தளம், எத்தனை மணிக்கு, திரையில் என்ன வரி, வேறு நிறுவனத்தின் சிம்மில் திறந்ததா, டிஎன்எஸ் மாற்றிப் பார்த்தீர்களா. தமிழில் கதைக்கும் இலக்கத்தை அமத்திவிட்டு, மறுமுனையில் உள்ள பிள்ளை "ரவுட்டர ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ" என்று தொடங்க முதல் இதை வாசித்துவிடுங்கள். பெரும்பாலும் அடுத்த நிமிடமே அழைப்பைத் தொழில்நுட்பப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்.